நிலவறையின் வடக்கு

எங்கள் வீட்டு நிலவறையில் ஒரு நில அதிர்வுமானி இருக்கிறது. அடியில் ஒரே பாறை என்பதால் நில ஆய்வாளரான மருமகள் அதை அங்கே பதித்தாள். அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரிய, அது சரியாக வடக்கு நோக்கி இருக்க வேண்டுமாம். எங்கோ நிலம் நடுங்கினால் அந்த அலை பூமியின் ஆழத்தைக் கடந்து எங்கள் வீட்டுக்கும் வரும். பல நாட்டு ஆய்வாளர்கள் இப்படித் தங்கள் பதிவுகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அதைக் குடும்பத்துக்குக் கிடைத்த மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன். நிலவறைப் படியில் யாரும் ஓடக் கூடாதென்று உத்தரவும் போட்டேன்.

பூமியின் நடுவிலுள்ள உலோக உருண்டைக்குச் சற்று மேலே, பாறையானது, வாரிய தலைமுடி போல ஒரே திசையில் படிந்திருக்கிறது என்று மருமகள் கண்டுபிடித்தாள். எங்கள் வீட்டுப் பதிவுதான் முக்கியச் சான்று. கூட்டுக் கட்டுரையில் முதல் பெயர் அவளுடையது.

நேற்று காலை முகம் வாடி வந்தாள்.

"மாமா, நம்ம கருவி சரியா வடக்கைப் பார்த்து இல்ல."

"யார் சொன்னது?"

"அலைதான். தெரிஞ்ச இடத்துல நடந்த நடுக்கம், வேற திசையிலிருந்து வந்த மாதிரி காட்டுது. பதிக்கும்போது திசைகாட்டியைத் தண்ணி மோட்டார் பக்கத்துல வச்சுட்டேன். மோட்டாரோட இரும்பு, திசைகாட்டி முள்ளை இழுத்திருக்கு."

"அப்போ உன் கண்டுபிடிப்பு?"

"பொய்யாவும் இருக்கலாம்."

"சத்தம் போடாம திருப்பி வச்சிடும்மா. மானம் போயிடும்."

சமையலறையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: "உன் மாமா பூமியையே பொய் சொல்லச் சொல்றாரு, பாரு!"

"மத்தவங்க இதை நம்பி மேல மேல கணக்குப் போடுவாங்க மாமா," என்றாள் மருமகள்.

மதியம் அந்த ஆய்வாளர்களுடன் காணொளிக் கூட்டம். நான் சட்டையின் மேல் பித்தானையும் பூட்டிக்கொண்டு அவள் பின்னால் அமர்ந்தேன். எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டாள். திரையில் ஒரு தாடிக்காரர் தலையைச் சொறிந்தபடி ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"அவரும் திசைகாட்டி வச்சுத்தான் பதிச்சாராம். இரும்புக்கு ஏமாறாத கருவியால எல்லாரும் வடக்கை மறுபடி அளக்கப்போறோம். அதுவரைக்கும் கட்டுரையை நிறுத்தி வச்சாச்சு."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கீழே பாறை படிஞ்சிருக்கா, இல்லையா?"

"தெரியல மாமா." அவள் கண்ணில் வாட்டம் போய் ஆவல் வந்திருந்தது.

மாலையில் சம்பந்தி தொலைபேசியில் அழைத்தார்.

"பொண்ணோட கட்டுரை வந்தாச்சா சம்பந்தி?"

முதுகை நிமிர்த்திக்கொண்டேன். "நிறுத்தியாச்சு. கருவி கோணலா இருந்தது. எங்க மருமகளே கண்டுபிடிச்சு, எல்லார் முன்னாடியும் சொன்னா."



"அப்போ கீழே என்னதான் இருக்காம்?"

"அதைத்தான் நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்," என்றேன்.