பன்னிரண்டாவது கேஸ்

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது ஏட்டு நல்லசாமி லோடுமேன் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவார். குதிரைமட்டம் பஜாரில் இது எல்லாருக்கும் தெரிந்த சமாச்சாரம். மாதத்துக்கு இத்தனை கேஸ் என்று ஸ்டேஷன் மேலே கணக்குக் காட்டியாக வேண்டும். திருட்டும் வெட்டுக்குத்தும் கேட்ட நேரத்துக்குக் கிடைக்குமா? டவுன் நியூசென்ஸ் சட்டம்தான் கை கொடுக்கும். குடித்துவிட்டுப் பொது இடத்தில் கூச்சல் போட்டான், கெட்ட வார்த்தை பேசினான், அமைதியைக் கெடுத்தான் என்று ஒரு தாள் எழுதி ஒரு ஆளைக் கோர்ட்டில் நிறுத்தினால் போதும். ஆள் "ஒத்துக்கறனுங்க" என்பான். ஐம்பது ரூபாய் அபராதம். அதை ஸ்டேஷனே கட்டும். நின்ற ஆளுக்கு மத்தியானம் பிரியாணி, போக வர பஸ் டிக்கெட், அன்றைக்குத் தூக்காமல் விட்ட மூட்டைக்குக் கொஞ்சம் கைக்காசு. பஜாரில் இதற்குக் 'கேஸ் குடுக்கறது' என்று பெயர். ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுப்பதைச் சொல்வது போலச் சொல்வார்கள்.

சங்கிலி பதினோரு தடவை கேஸ் கொடுத்திருந்தான். சாராயம் அவன் நாக்கில் பட்டதே இல்லை. கூச்சலாவது போடுவானா என்றால், பக்கத்தில் நிற்பவனுக்கே அவன் பேச்சு பாதிதான் கேட்கும். ஆனால் மூட்டை தூக்கித் தூக்கிக் கழுத்து தடித்து, கண் சிவந்து, பார்த்தால் மாஜிஸ்திரேட் நம்புகிற முகம்.

அன்றைக்குக் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. லோடுமேன்கள் கேரட் மூட்டைகளுக்கு நடுவே ஒரு டயரைக் கொளுத்திச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். ஏட்டைக் கண்டதும் இசக்கி எழுந்துகொண்டான்.

"ஏனுங்க ஏட்டய்யா, இந்த வாட்டி நான் வரட்டுங்களா? போன மாசம் பிரியாணில பீசே இல்லைன்னு சங்கிலி ராவெல்லாம் அழுதானுங்க."

"உன்ற மூஞ்சியப் பாத்தா ஜட்ஜய்யாவே இரக்கப்பட்டு விட்ருவாரு. நீ உக்காரு. சங்கிலி, நீ வா. ஒரு ஆள் போதும்."

சங்கிலி நகரவில்லை. "எனக்கு வேண்டாமுங்க ஏட்டய்யா. வெலிங்டன் மிலிட்டரியில மஸ்தூர் வேலைக்கு, எடுபிடி ஆளா, கூப்பிட்டுட்டாங்க. இனி கேஸு கீஸு எல்லாம் ஆகாதுங்க."

"அது விசயமாத்தான் கூப்புடறேன். வா."

கேரட் கழுவும் தொட்டிக்குப் பின்னால் போனதும் ஏட்டு தோல்பையைத் திறந்து ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்தார். சங்கிலிக்குத் தெரிந்த காகிதம்தான். வேலைக்கு எழுதிக் கொடுத்த தாளின் பின்பக்கம், ஆள் எப்படிப்பட்டவன் என்று ஸ்டேஷன் எழுத வேண்டிய இடம்.

"இதுல என்ன கேட்டிருக்காங்க, படி."

"நீதிமன்றத்தால் எப்போதாவது தண்டிக்கப்பட்டதுண்டா."

"நீ என்ன எழுதியிருக்கே?"

"இல்லைன்னு எழுதியிருக்கறனுங்க."

"பதினோரு கன்விக்சன் இருக்குது உன்ற பேருல."

சங்கிலிக்கு முதலில் விளங்கவில்லை. "அது நீங்க ஆள் வேணும்னு கூட்டிட்டுப் போனதுங்க. நான் தப்பு ஒண்ணும் பண்ணலையே."

"ரிஜிஸ்தர்ல அதெல்லாம் இருக்காது. கோர்ட்டுல நின்னு ஒத்துக்கிட்டது ஆரு? கைநாட்டா வச்சே? அழகாக் கையெழுத்துப் போட்டிருக்கறே. இப்ப இல்லைன்னு எழுதிக் குடுத்தது பொய். வேலையும் கிடைக்காது, பொய் சொன்னதுக்குத் தனியாக் கேட்பாங்க."

உறைபனி உருகி ஷெட்டுத் தகரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தனபாக்கியம் நேற்றுகூட, குவாட்டர்ஸ் கொடுத்தால் அடுப்பை எந்த மூலையில் போடுவது என்று தரையில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். அவர்கள் இருப்பது அவள் இலை பறிக்கும் எஸ்டேட்டின் லைன் வீடு. அவள் பேர் எஸ்டேட்டின் ஆள்கணக்கான செக்ரோலில் இருக்கும்வரைதான் வீடு. அவளுக்கோ முழங்கால் வீங்கி, மேட்டில் ஏற முடியாமல் வரிசையில் கடைசியாக நிற்கிறாள். சங்கிலிக்கு அரசாங்க வேலைக்கான வயது இந்த வருஷத்தோடு முடிகிறது.

"இப்ப என்னங்க பண்றது?"

நல்லசாமி சுற்றிலும் பார்த்தார். "நான் மறந்துட்டேன்னு வச்சுக்க. 'குற்றம் ஏதுமில்லை'ன்னு எழுதிச் சீல் வச்சு இன்னிக்கே தபால்ல போட்டுர்றேன். வெலிங்டன்காரன் வந்து எங்க ரிஜிஸ்தரப் பொரட்டப் போறதில்லை. அதுக்கு நீ ஒரு கேஸ் குடுக்கோணும். கனகமணி கடைக் கேஸு."

சங்கிலி தொட்டி விளிம்பில் சாய்ந்துகொண்டான்.

பத்து நாளைக்கு முந்தைய சனிக்கிழமை. தேயிலை பாக்டரி முதலாளி சபாபதியின் மகன் லிங்கசாமி, மூன்று கூட்டாளிகளோடு ஜீப்பில் வந்து பஸ் ஸ்டாண்டில் பாட்டில் உடைத்தான். நல்ல பகல். சந்தை நாள். கனகமணியின் டீக்கடையில் கடன் இல்லை என்றதற்குப் பாய்லரை எட்டி உதைத்தான். அவள் அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு வடைச் சட்டிக்கு முன்னால் குனிந்திருந்தாள். கொதிநீர் முழுக்க இடது கையில். யார் உதைத்தது என்று அவள் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் நூறு பேர். ஒருவரும் சொல்லவில்லை, பாதிப்பேர் சபாபதி பாக்டரிக்குப் பச்சை இலை விற்றுப் பிழைக்கிறவர்கள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவன் சங்கிலி. அவள் கேட்டபோது அவனும் "கூட்டத்துல தெரியலைங்கக்கா" என்றுதான் சொன்னான்.

"அது நான் பண்ணினதுன்னு சொல்லோணுங்களா?"

"குடிச்சுட்டுக் கத்துனே, பாய்லர் கவுந்துது. அவ்வளவுதான். மத்த பதினொண்ணு மாதிரிதான் இதுவும். அரைமணி நேரம். எனக்கு மட்டும் என்ன ஆசையா? புது இன்ஸ்பெக்டர் மண்டையில ஏறி உக்காந்திருக்கறாரு, எப்படியாச்சும் முடின்னு." ஏட்டு காகிதத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார். "ஒம்பதரை பஸ்ஸு."

வேலை வேண்டும். வேறு எந்த நினைப்பும் சங்கிலியின் தலையில் நிற்கவில்லை. சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். ஏட்டு பின் சீட்டில். பஸ் கிளம்பும் நேரம் கனகமணி ஏறினாள். இடது கை முழங்கை வரை கட்டு; கழுத்தில் தொங்கும் துணியில் கையைப் போட்டிருந்தாள். சங்கிலியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"எங்க கண்ணு கெளம்பிட்டே, மூட்டையில்லாம?"

"டவுனுக்குங்கக்கா."

அவள் பின்னால் திரும்பி ஏட்டைப் பார்த்தாள். சிரித்தாள். "ஓ, மாசக் கடைசியா. இந்த மாசம் என்ன பண்ணுனியாம்?"

"கத்துனனாமுங்க."

"நீயா? உன்ற பொண்டாட்டியக் கூப்பிடறதே அவளுக்குக் கேக்காது."

முன் சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சங்கிலியும் உதட்டை இழுத்துக்கொண்டான். பின்னால் ஏட்டு இருமினார்.

"நான் கட்டு மாத்தப் போறேன்," என்றாள் அவள். "டாக்டர் ரெண்டு வெரல் மடங்காதுங்கறாரு. போகட்டும். ஏட்டய்யா, அந்த நாயப் புடிச்சாச்சுன்னீங்களே, வெளியூர்க் குடிகாரன்னு. இன்னிக்குத்தானே கோர்ட்டு?"

ஏட்டு தோல்பையை மடியில் நகர்த்தினார். "ஆமா. ஆனா எத்தன மணிக்கு எடுப்பாங்கன்னு சொல்ல முடியாது. நீ அலையாதே."

"அலஞ்சா என்ன? கட்டு மாத்திட்டு வந்து அவன் மூஞ்சிய ஒரு தடவை பாத்துட்டுப் போறேன். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு. மூஞ்சி தெரியாம ஒருத்தன வெய்யறது நல்லால்லே."

அரவேணு தாண்டி வளைவுகள் வந்தன. ஒவ்வொரு வளைவிலும் அவள் கட்டுப்போட்ட கை அவன் தோளில் வந்து சாய்ந்தது. மருந்து வாடை. சங்கிலி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தோளை ஒடுக்கிக்கொண்டான்.

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் அவள் இறங்கியதும் ஏட்டு சங்கிலியின் பக்கத்துக்கு மாறினார். "அவ வர்றதுக்குள்ள முடிஞ்சிரும். பெஞ்ச் கிளார்க்குகிட்ட முதல்லயே கூப்பிடச் சொல்லியிருக்கறேன்."

முடியவில்லை. மாஜிஸ்திரேட் பதினொன்றேகாலுக்குத்தான் வந்தார். அவருக்கு முன்னால் ஒரு சொத்து வழக்கில் இரண்டு வக்கீல்கள் பிடிவாதமாக நின்றார்கள். சங்கிலி வராந்தாவில் குந்தியிருந்தான். ஒவ்வொரு தடவை கேட்டருகே யாராவது வரும்போதும் அவனும் ஏட்டும் ஒன்றாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மணி பன்னிரண்டு அடித்தது. பிரியாணிக் கடையில் சட்டி திறந்த வாசம் வந்தது. அவன் எழுந்து வராந்தாவின் மறு கோடிக்குப் போய்க் குந்தினான்.

டவாலி மூன்று தடவை பெயரைக் கூப்பிட்டார். சங்கிலி கூண்டில் ஏறிக் கையைக் கட்டிக்கொண்டான். பழகின இடம். எந்தப் பலகை ஆடும் என்றுகூடத் தெரியும். கிளார்க் தாளை வேகமாக வாசிக்கத் தொடங்கினார். பாதியில் வாசலில் நிழல் தட்டியது. புதுக்கட்டு. வெள்ளை வெளேர் என்று.

கனகமணி உள்ளே எட்டிப் பார்த்து, கூண்டைப் பார்த்து, சங்கிலி என்று தெரிந்ததும், சரி, இது அவன் கேஸ், நம்முடையது அடுத்து வரும் என்பது போல வாசல் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"...மேற்படி நபர் மது அருந்திய நிலையில் குதிரைமட்டம் பேருந்து நிலையத்தில் பொதுமக்களுக்கு இடையூறாகக் கூச்சலிட்டும், ஆபாச வார்த்தைகள் பேசியும், கனகமணி என்பவரின் தேநீர்க் கடையிலிருந்த பாய்லரைக் கவிழ்த்தும், பொது அமைதிக்குக் குந்தகம் விளைவித்த குற்றத்துக்காக..."

தன் பெயரைக் கேட்டதும் அவள் சுவரிலிருந்து முதுகை எடுத்தாள். சங்கிலி அவளைப் பார்க்காமல் கிளார்க்கின் வாயையே பார்த்தான். அவன் வேறொன்றுக்காகக் காத்திருந்தான். பாய்லருக்கு அப்புறம் அவள் கை வெந்தது வரும் என்று. வரவில்லை. கிளார்க் தாளைக் கீழே வைத்துவிட்டார்.

"குற்றத்தை ஒத்துக்கறியா?" மாஜிஸ்திரேட் தலை நிமிரவில்லை. பேனா ஏற்கெனவே காகிதத்தில் இருந்தது.

ஒரே ஒரு சொல். பதினோரு தடவை சொன்ன சொல். அதைச் சொன்னால் ஏட்டின் பையிலிருக்கும் காகிதத்தில் சீல் விழும், தனபாக்கியம் அடுப்பு போட்டுவிடுவாள். சொல் தொண்டை வரை வந்தும்விட்டது.

"அதுல அந்தக்காவோட கை வெந்தது இல்லைங்களே," என்றான் சங்கிலி.

"என்னது?"

"பாய்லர் கவுந்துதுன்னு மட்டும் எழுதியிருக்குதுங்க. கை வெந்து ரெண்டு விரல் மடங்காமப் போச்சுங்க. அதை எழுதலைங்க."

பேனா நின்றது. மாஜிஸ்திரேட் அவனைப் பார்த்தார், பிறகு அவன் கண் போன திசையில் வாசலைப் பார்த்தார்.

"அப்ப நீதான் கவிழ்த்தே?"

"நான் இல்லைங்க."

"யாரு?"

நல்லசாமி கூண்டுக்குக் கீழே நின்று, கெஞ்சுகிறாரா மிரட்டுகிறாரா என்று தெரியாத ஒரு பார்வை பார்த்தார்.

"சபாபதி முதலாளி மகன் லிங்கசாமிங்க. நான் பத்தடி தூரத்துல நின்னனுங்க. அந்தக்காவைத் தூக்கிட்டு ஓடுனது நான்தானுங்க. ஆஸ்பத்திரி நோட்டுல, கொண்டுவந்த ஆளுன்னு என்ற பேரும் மணியும் எழுதியிருப்பாங்க."

மாஜிஸ்திரேட் வேறொரு தாளைப் புரட்டினார். "உன் மேல பதினோரு கேஸ் இருக்கு. எல்லாத்துலயும் ஒத்துக்கிட்டிருக்கே."

"அதுவும் நான் பண்ணலைங்க."

"இதே கூண்டுல நின்னு பதினோரு தடவை பொய் சொன்னேங்கறியா?"

"ஆமாங்க."

சொத்து வழக்கு வக்கீல் ஒருவர் வாய்க்குள் சிரித்தார். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. வெகுநேரம் எழுதினார். ஆஸ்பத்திரி நோட்டைக் கொண்டுவர உத்தரவு. இன்ஸ்பெக்டர் நேரில் வர உத்தரவு. சங்கிலியைச் சொந்த ஜாமீனில் விட்டு, அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி வரச் சொன்னார். பழைய பதினொன்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவை தீர்ப்பாகி முடிந்துபோனவை. அப்படியே இருக்கும்.

வராந்தாவில் நல்லசாமி பெஞ்சில் உட்கார்ந்து பையைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். பழுப்புக் காகிதத்தை விரித்தார். சங்கிலி எதிரே நின்றான். ஏட்டு ஒவ்வொரு கேஸ் நம்பராக, நோட்டைப் பார்த்துப் பார்த்து எழுதினார். பதினோரு நம்பர். கீழே, பன்னிரண்டாவது நிலுவையில் என்று எழுதினார்.

"நான் பொய் எழுதலே, சங்கிலி. இருக்கறதத்தான் எழுதறேன்."

"எழுதுங்க."

"எனக்கும் மூணு பொட்டப்புள்ளைக."

"தெரியுமுங்க."

பிரியாணி இல்லை. மூன்று மணி பஸ்ஸில் ஏட்டு தன் டிக்கெட்டை மட்டும் எடுத்தார். கனகமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சங்கிலியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அரவேணு தாண்டியதும்தான் கேட்டாள்.

"அன்னிக்கே கேட்டனே கண்ணு. தெரியலைன்னியே."

"அப்படித்தான் சொன்னனுங்கக்கா."

"பத்து நாளா ஊரே தெரிஞ்சுக்கிட்டு என்ற கடையில டீ குடிச்சிருக்குது."

அவள் கண்டக்டரைக் கூப்பிட்டு, வலது கையால் முந்தியைப் பிடித்து முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, இரண்டு டிக்கெட்டாகக் கேட்டாள்.

குதிரைமட்டத்துக்கு இரண்டு ஸ்டாப் முன்னால், எஸ்டேட் வளைவில் சங்கிலி இறங்கினான். மேட்டில் பெண்கள் வரிசையாக இலை பறித்துக்கொண்டிருந்தார்கள். வரிசைக்கு வெகு கீழே, கடைசியாக, ஒரு காலை இழுத்து வைத்து நகர்ந்துகொண்டிருந்தவள் பஸ் சத்தம் கேட்டுத் திரும்பினாள். இந்த நேரத்தில், இந்த ஸ்டாப்பில் அவன் இறங்கியதே இல்லை. கூடைக் கயிற்றை நெற்றியிலிருந்து தூக்கிக்கொண்டு அவனையே பார்த்தாள்.

சங்கிலி தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஏறத் தொடங்கினான்.

"ஏனுங்க," என்றாள் தனபாக்கியம். "ஸ்டேஷன்ல சீல் வச்சுக் குடுத்துட்டாங்களா?"

அவன் குரல் மேட்டுக்கு எட்டாது என்று அவனுக்குத் தெரியும். பக்கத்தில் போய்ச் சொல்ல வேண்டும். இன்னும் முப்பது அடி இருந்தது.