அறுபதாவது பெருவிரல்

கன்னியப்பன் இறந்த நான்காம் நாள், தோல் தொழிற்சாலையில் அவருடைய சுண்ணாம்புக் குழி எனக்கு வந்தது. நான் ஆலங்காயத்திலிருந்து ஆம்பூருக்கு வந்து பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. குழியோடு அவருடைய கோலையும் கொடுத்தார்கள். நுனியில் கொக்கி வைத்த மூங்கில் கோல். முடி கழலச் சுண்ணாம்பில் ஊறிய தோலைத் தூக்கிப் புரட்டுவதற்கு. அவர் பிடித்துப் பிடித்து வழுவழுவென்று ஆகியிருந்த இடத்தில் என் கை தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த மனிதரின் முகத்தை நான் பார்த்ததேயில்லை.

என் இடது பெருவிரலில் மட்டும் எண்ணெய்த் துணியைச் சுற்றிக்கொண்டுதான் குழியில் இறங்குவேன். மற்ற ஒன்பது விரல்களையும் சுண்ணாம்பு தின்றது. அந்த ஒன்றை அவருடைய குழியில் நனைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சுண்ணாம்புக் குழிக்காரர்களுக்கென்று ஒரு சின்னச் சங்கம் இருந்தது. நூற்றிருபது பேர். நான் வந்த வாரம், அதை ஊரின் பெரிய தோல் தொழிலாளர் சங்கத்தோடு இணைக்க ஓட்டெடுப்பு நடந்தது. சின்னச் சங்கத்துக்குச் செயலாளர் காசிநாதன். தோல் மண்டியில் எழுத்து வேலை பார்த்தவர். குழியில் கை வைத்ததில்லை. பெயர்ப்பட்டியல் எழுதிய நோட்டை மூன்று நாள் அவரே தூக்கிக்கொண்டு அலைந்து, சம்மதம் என்றவர்களிடம் பெருவிரல் வாங்கினார். இணைப்பு வேண்டாம் என்ற கன்னியப்பனும் அவர் ஆட்களும் நோட்டைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். பாதிப் பேராவது ஓட்டுப் போடாவிட்டால் இணைப்புச் செல்லாது என்பது சட்டம்.

கடைசி நாள், நான் அப்போது வேலை பார்த்த, தோல் காயப்போடும் இடத்தில் காசிநாதன் என்னைப் பிடித்தார்.

"பேரு இன்னா?"

"தனகோடிங்க."

"வேல நிக்கணுமா, வேணாமா?"

"நிக்கணுங்க."

"அப்ப இடது கைய நீட்டு."

மூன்றாம் வகுப்புவரை படித்தவன் நான். விரலை வைக்கச் சொன்ன இடத்தில் இருந்த பெயரைப் படித்தேன். "ஐயா, இதுல கன்னியப்பன்னு இருக்குது."

"அவருக்கு ஜுரம். யார் கையாலயாவது வெச்சிக்கன்னு சொல்லி அனுப்பிட்டாரு. நீ இன்னா, பெரிய வக்கீலா?"

வைத்தேன். அன்று சாயங்காலமே கன்னியப்பன் இறந்துபோனார்.

மறுநாள் முடிவு சொன்னார்கள். சரியாக அறுபது விரல். இணைப்பு நிறைவேறியது.

கன்னியப்பனின் மனைவி கெங்கம்மாள் அதே தொழிற்சாலையில் ஆட்டு முடி அலசுகிற வேலை பார்த்தாள். காரியம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய அன்றே தண்ணீர்த் தொட்டியருகே ஒருத்தன் ஆரம்பித்தான்.

"வாயில வேணாம்னு சொல்லிட்டு, படுக்கையில விரல நீட்டிட்டாரே உங்க வூட்டுக்காரரு!"

"பத்து நாளு ஜுரம், கடைசி மூணு நாளும் என் மடியில கெடந்தாருடா," என்றாள் அவள். "ஒரு வாய் தண்ணி குடுக்க எவனும் வர்ல. நோட்டு தூக்கினு மட்டும் எவன்டா வந்தான்?"

யாரும் நம்பவில்லை. அவள் தெருவில் போனால், துரோகியின் பெண்டாட்டி என்று பிள்ளைகள்கூடச் சொன்னார்கள்.

பக்கத்துக் குழி அப்துல் வஹீத் பாய்தான் மெட்ராஸில் சங்கங்களைப் பதிவு செய்யும் ஆபீஸுக்கு மனு எழுதினார். "ஒரு விரல் செல்லாதுன்னு ஆனா அம்பத்தொம்போது. அப்புறம் இணைப்பு நிக்காதும்மா," என்று அவளுக்கு விளக்கினார்.

"அதெல்லாம் நீங்க பாத்துக்குங்க பாய். எனக்கு அவரு பேரு அந்த நோட்டுல இருக்கக் கூடாது. அவ்ளோதான்."

நான் கேட்டுக்கொண்டு நின்றேன். வாய் திறந்தால் வேலை போகும். ஊரில் அம்மாவும் இரண்டு தங்கைகளும் இருந்தார்கள்.

அந்த வாரத்திலிருந்துதான் சத்தம் கேட்க ஆரம்பித்தது. தோலைப் புரட்டுவதற்கு முன்னால் குழிக் கரையில் 'டக், டக்' என்று இரண்டு தட்டு. பட்டப்பகலில், என் காதருகிலேயே. நிமிர்ந்து பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள்.

"பாய், யாரோ தட்றாங்க."

வஹீத் பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீதான்டா தட்ற. கன்னியப்பன் அப்படித்தான் தட்டுவாரு. உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

என் கையைப் பார்த்தேன். கோல் கரைமேல் இருந்தது.

கெங்கம்மாள் ஒருநாள் என் அருகில் வந்து நின்றாள். "அந்த ஒரு வெரலுக்கு மட்டும் இன்னா தம்பி?"

"புண்ணுக்கா."

"மூணு மாசமா ஆறாத புண்ணா?"

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஒரு வியாழக்கிழமை மெட்ராஸிலிருந்து அதிகாரி வந்தார். தொழிற்சாலை முற்றத்தில் மேசை போட்டு, நோட்டைத் திறந்து எல்லோரும் பார்க்க வைத்தார். ஐம்பத்தொன்பது பெருவிரல்கள் வெறும் மைத்திட்டுகள். சுண்ணாம்பு தின்ற விரலில் ரேகை ஏது? ஒன்றே ஒன்றில் மட்டும், கன்னியப்பன் பெயருக்கு நேராக, சுழி சுழியாக ரேகை தெளிவாக விழுந்திருந்தது.

"இருவது வருஷம் குழியில கெடந்த கையாங்க இது?" என்றார் வஹீத் பாய்.

காசிநாதன் அசரவில்லை. "பத்து நாளு படுக்கையில இருந்தாரு சார். தோலு புதுசா வளந்துருக்கும்."

அதிகாரி யோசித்தார். "இந்த ரேகைக்குச் சொந்தக்காரர் வேற யாருன்னு காட்டினா நான் தள்ளுபடி செய்யலாம். சந்தேகத்தை மட்டும் வெச்சி ஒண்ணும் செய்ய முடியாது."

நோட்டை மூடப் போனார். கெங்கம்மாள் என்னைப் பார்க்கவில்லை. அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ இரண்டு தட்டு கேட்டது. அன்று என் கையில் கோல் இல்லை.

துணியை அவிழ்த்தேன். மூன்று மாதம் வெயில் படாத விரல், பிணத்தின் விரல்போல வெளுத்துக் கிடந்தது. மையில் தொட்டு வெள்ளைத்தாளில் வைத்தேன். அதே சுழி.

"சார், அவன் அப்ப மெம்பரே இல்ல!" என்று கத்தினார் காசிநாதன்.

"அதைத்தான் நானும் எழுதிக்கிறேன்," என்று அதிகாரி பேனாவை எடுத்தார்.

அறுபதாவது விரல்மேல் குறுக்குக்கோடு விழுந்தது. இணைப்புச் செல்லாது என்றார். வஹீத் பாயின் ஆட்கள் சந்தோஷத்தில் கூச்சல் போட்டார்கள். கெங்கம்மாள் மேசையருகே போய், எது அவர் பெயர் என்று கேட்டு, அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"பேரப் படிச்சிட்டுத்தான் வெச்சியா?"

"ஆமாக்கா."

தலையை மட்டும் அசைத்துவிட்டு முடி அலசப் போய்விட்டாள்.

மறுநாள் காலை மேஸ்திரி என் குழியை வேறொருவனுக்குக் கொடுத்தார். ஆலங்காயத்துக்கு நடந்தேன். கையில் துணி மூட்டையைத் தவிர எதுவும் இல்லை. வழியில் ஒரு கிணற்றடியில் தண்ணீர் குடிக்கக் குனிந்தபோது, என் பெருவிரல் கல்லில் இரண்டு முறை தட்டியது.