ஏர் என்று வாசித்தோம்

என் கணவர் ஜெரார்ட் இங்கே மலேசியாவில் அலோர்ஸ்டார் – சுங்கை பட்டாணி பஸ்ஸில் கண்டக்டர். 1987இல் பக்கவாதம் வந்து தலை முதல் கால் வரை அசைவில்லாமல் படுத்துவிட்டார். இமைகூட அவர் சொல் கேட்காது. கரண்டியில் ஊட்டினால் விழுங்குவார், அவ்வளவுதான். உள்ளே ஆள் இருக்கிறார் என்று இரண்டு வருடமாகத் தொண்டை வறளக் கத்தினேன். அவருடைய அண்ணன் சில்வெஸ்டர் நம்பவில்லை. வெறும் உடம்புக்காக நான் தேய்ந்து போகிறேன் என்று சொல்லி, ஈப்போ பக்கம் கன்னியர் இல்லம் ஒன்றில் கட்டிலும் பேசிவிட்டார். திங்கட்கிழமை வேன் வரும். ஒரு வார்த்தையாவது தம்பி சொல்லிக் காட்டினால் வேனை நிறுத்துவதாகச் சொன்னார். நல்ல நிபந்தனை!

சனிக்கிழமை அழகேசன் எங்கள் மெர்கோங் வீட்டுக்கு வந்தார். பினாங்கில் ஆராய்ச்சி செய்கிற மெட்ராஸ்காரர். எங்கள் பங்குச் சாமியார் எழுதிய கடிதத்தை மதித்துக் கம்ப்யூட்டரோடு வந்தவர். மூளையின் துடிப்பைக் கொண்டே எழுத வைக்கலாம் என்றார். நான் அழகாக வாரிவிட்டிருந்த தலையில் பசையைத் தடவி ஒயர்களை ஒட்டினார். பொறுத்துக்கொண்டேன்.

திரையில் இங்கிலீஷ் எழுத்துகள் வரிசை வரிசையாக மின்னின. மனதில் நினைத்த எழுத்து மின்னும்போது மட்டும் மூளை லேசாகத் துள்ளுமாம். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் நம் பேர் கேட்டால் மட்டும் திரும்புகிறோமே, அப்படி. அந்தத் துள்ளலை ஒயர் பிடித்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். பல தடவை மின்னினால்தான் ஓர் எழுத்து உறுதியாகும்.

என்ன வேண்டும் என்று ஜெரார்டைக் கேட்டார்கள். நான் சமையலறையில் வழக்கம்போல் மைலோ கலக்கிக்கொண்டிருந்தேன். வெகு நேரம் கழித்து, "ஏர்னு எழுதியிருக்கார்" என்று அழகேசன் குரல் கேட்டது.

எஸ்டேட்டில் பிறந்தவனுக்கு உழுகிற ஏர் எதற்கு, மிஷின் உளறுகிறது என்றார் திரைப்பக்கமே திரும்பாத சில்வெஸ்டர். அது இங்கிலீஷ், காற்றுக் கேட்கிறார் என்று அழகேசன் ஜன்னலைத் திறந்தார், காற்றாடியை வேகமாக வைத்தார். மறுபடி கேட்டபோதும் அதே மூன்று எழுத்து. இதற்குமேல் காற்றுக்கு எங்கே போவது? சில்வெஸ்டர் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அழகேசன் முகம் தொங்கிப்போயிற்று.

மைலோவோடு வந்த நான் திரையைப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் ஏ, ஐ, ஆர் என்ற அந்த மூன்று எழுத்தும் எனக்குத் தெரியும். வாசலில் தண்ணீர் மீட்டர் மூடியில் இருக்கிறது. தினமும் கழுவுகிறேன்.

"தம்பி, அது ஏர் இல்ல, ஆயேர்" என்றேன் அழகேசனிடம். "மலாய்ல தண்ணி. தண்ணி கேக்குறாரு."

தண்ணீர் என்று தமிழிலேயே சொல்ல இங்கிலீஷில் எத்தனை எழுத்து ஆகும்! கண்டக்டர் அல்லவா, சுருக்கமான வழியாகப் பார்த்துப் போயிருக்கிறார். தெம்பு வரட்டும் என்று இரண்டு வருடமாக மைலோவும் கஞ்சியுமாக ஊட்டியிருக்கிறேன், பாவி. வெறும் தண்ணீர் எத்தனை கரண்டி கொடுத்திருப்பேன்? மைலோவைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் கொடுத்தேன். மடக் மடக்கென்று விழுங்கினார்.

சில்வெஸ்டர் நின்றபடியே இருந்தார். இன்னும் ஏதாவது வேண்டுமா என்று அழகேசன் கேட்டார். இந்தத் தடவை அரைமணி நேரம் ஆயிற்று. ஏழு இங்கிலீஷ் எழுத்து.

பிரி தீடோ.

பிரிஜெட் என்ற பேரைப் பிரி என்று சுருக்கியவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். கல்யாணம் ஆன புதிதில் அதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். தீடோ என்றால் மலாயில் தூங்கு. ராத்திரியெல்லாம் அவர் பக்கத்தில் நாற்காலியில் தூங்கி விழுவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்திருக்கிறார்.

சில்வெஸ்டர் தம்பியின் காலடியில் உட்கார்ந்து அழுதார். நான் அழகேசனின் பசை ஒட்டிய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். நன்றி என்று சொன்னேனா, மாதாவே என்று சொன்னேனா, ஞாபகமில்லை. அவருக்காக நான் ஜெபிக்காத நாள் இன்றுவரை இல்லை.

சில்வெஸ்டர் என் கையிலிருந்து கரண்டியை வாங்கினார்.

"நீ போய்ப் படும்மா. தண்ணி நான் குடுக்குறேன் லா."

பட்டப்பகலில் உள்ளறைக் கட்டிலில் படுத்தேன். புருஷன் சொல்லை நான் மறுபேச்சில்லாமல் கேட்டது அன்றைக்குத்தான்.