சிவலை நாம்பனின் பற்றுச்சீட்டு

ஆதம்பாவாவின் சிவலை நாம்பன் பிடிபட்டது செவ்வாய்க்கிழமை காலை. விடுதலையானது அதே செவ்வாய்க்கிழமை பகல். புதன்கிழமை எட்டு மணிக்கெல்லாம், அந்தக் காளைக்குப் பிரதேச சபை கொடுத்த பற்றுச்சீட்டைத் தூக்கிக்கொண்டு அவர் நஜ்முன் நிஸாவின் போட்டோக்கொப்பிக் கடைக்கு வந்துவிட்டார்.

"ரெண்டு கொப்பி அடிங்க, புள்ள. இண்டைக்குச் சபைக் கூட்டத்தில இதைத் தூக்கிக் காட்டாம விடமாட்டன்."

நாற்பது மாடுகளுக்குச் சொந்தக்காரர் அவர். தோணாக்கரைப் பிரதேச சபையில் மூன்றாவது தடவையாக உறுப்பினர். நஜ்முன் நிஸாவும் அதே சபையில் உறுப்பினர்தான். ஆனால் புதிது, வந்து எட்டு மாதம்.

"மாட்டைத் திருப்பித் தந்திட்டாங்கதானே, காக்கா?"

"தந்தாங்க. ஆனா பிடிச்சு ரெண்டு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் எனக்குக் கோல் எடுத்தவங்க. ரெண்டு மணித்தியாலம்! அந்த வாயில்லாத சீவன் என்ன பாடு பட்டிருக்கும்?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் சீட்டை இயந்திரத்தில் வைக்கப் போனாள். எழுத்தில் கண் பட்டது. கை அப்படியே நின்றது.

நிறம் சிவலை, இடது காதில் வெட்டு. பிடித்த நேரம் காலை 6.40. பிடித்த இடம் இறங்குதுறைச் சந்தி. பிடித்தவர் பெயர், கையொப்பம். வைத்திருக்கும் இடம் சபையின் இரண்டாம் பட்டி. உரிமையாளருக்கு அறிவித்த நேரம் 8.40. தண்ணீரும் வைக்கோலும் கொடுக்கப்பட்டன. மிருக வைத்தியர் 9.15க்குப் பார்வையிட்டார், காயம் இல்லை.

ஆறு வருடத்துக்கு முன் அவளுடைய தம்பி இஹ்ஸானைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கொண்டுபோனார்கள். வீட்டு அலுமாரியில் இருந்த ஒரு அரபுப் புத்தகம்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அவனுடைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு உம்மா ஒவ்வொரு பொலிஸ் நிலையமாக ஏறி இறங்கினாள். இங்கே இல்லை, அங்கே கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால் இங்கே கேளுங்கள் என்றார்கள். பதினெட்டாம் நாள்தான் அவன் கொழும்பில் இருப்பது தெரிந்தது. பதினாலு மாதம் கழித்து, வழக்கு ஒன்றும் இல்லை, போகலாம் என்று விட்டுவிட்டார்கள். இன்றைக்கு அவன் பாட்டுப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பாணும் பணிஸும் விற்கும் ஓட்டோ ஓடுகிறான்; ஊரில் அவனைப் போல் பகிடி விட ஆள் இல்லை. ஆனால் இப்படி ஒரு துண்டுக் கடதாசி, அந்தப் பதினெட்டு நாளில் உம்மாவின் கைக்கு வரவே இல்லை.

அந்தக் கடதாசிக்காகத்தான் நஜ்முன் நிஸா இப்போது அலைந்துகொண்டிருந்தாள். பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று எழுதுகிறார்கள், பொதுமக்கள் கருத்து அனுப்பலாம் என்று அறிவித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். 'ஒருவரைப் பிடித்தால் எங்கே வைத்திருக்கிறோம் என்று இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் குடும்பத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும்' என்று சபை ஒரு பிரேரணை நிறைவேற்றி அனுப்ப வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

தவிசாளர் ஸைனுலாப்தீன் இரண்டு தடவை தட்டிக் கழித்தார். "அது நாட்டு விசயம், தங்கச்சி. எங்களுக்கு வடிகானும் குப்பையும் போதும்." மூன்றாம் தடவை அவள் விடாமல் நின்றபோது, "சரி, பதினேழு பேரில ஒம்பது கையொப்பம் கொண்டுவாங்க, எடுக்கிறன்" என்று தப்பித்துக்கொண்டார்.

எட்டுக் கிடைத்திருந்தது.

"காக்கா, அந்தக் கையொப்பம்..." என்று தொடங்கினாள்.

"திரும்பவும் அந்தக் கதையா?" ஆதம்பாவா கையை உதறினார். "சட்டம் இறுக்கமா இரிக்கத்தான் வேணும். தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம்?"

இரண்டு கொப்பியையும் வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். அவள் அடித்தது மூன்று கொப்பி. மூன்றாவதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தாள். இருபது நிமிடத்தில் ஒரு பக்கம் தயார்.

பிற்பகல் இரண்டு மணிக்குச் சபை கூடியது. யன்னலுக்கு வெளியே துறைமுக வாயிலில் ஒரு கப்பல் அசையாமல் நின்றது. உள்ளே ஏழாவது விடயம், வீதியில் திரியும் கட்டாக்காலி மாடுகள் பற்றிய உபவிதி, சூடாகப் போய்க்கொண்டிருந்தது. ஆதம்பாவா பற்றுச்சீட்டை ஆட்டி ஆட்டிப் பேசி முடித்தார். நஜ்முன் நிஸா எழுந்தாள்.

"கௌரவ தவிசாளர் அவர்களே, இந்த உபவிதிக்கு நான் ஒரு திருத்தம் கொண்டுவந்தனான்."

"நான் வழிமொழியிறன்" என்றாள் பக்கத்துக் கதிரையில் இருந்த மாகிரட்.

"வாசிக்க முந்தியேவா?" என்றார் தவிசாளர்.

"மத்தியானம் பாதிச் சோத்தில வாசிச்சுப்போட்டன். புரைக்கேறிப்போச்சு."

மாட்டு விசயம்தானே என்று தவிசாளர் தலையாட்டினார். செயலாளர் வாசித்தார்.

"ஒன்று. சந்தேகத்துக்கிடமான எந்த மாட்டையும் சபை எந்நேரமும் பிடிக்கலாம். இரண்டு. எந்தப் பட்டியில் வைத்திருக்கிறோம் என்று உரிமையாளருக்கு அறிவிக்க வேண்டியதில்லை."

"என்ன?" என்றார் ஆதம்பாவா.

"மூன்று. மாட்டை மூன்று மாதம் வைத்திருக்கலாம். விசாரணை முடியாவிட்டால் இன்னும் மூன்று மாதம், அதன் பிறகும் மூன்று மாதம். இதற்குத் தவிசாளரின் கையொப்பம் போதும். நான்கு. மாடு எந்தக் குற்றமும் செய்யவில்லை என்று தெரிந்தால், பதினாலு மாதம் கழித்து எந்த விளக்கமும் இல்லாமல் அவிழ்த்துவிடலாம்."

ஆதம்பாவா எழுந்த வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது. "என்ன கதை இது? பட்டி எதெண்டு சொல்லாட்டி நான் எங்க போய்த் தேடுற? வெருகலுக்கா? தம்பலகாமத்துக்கா? மூண்டு மாசம் மாட்டைக் காணாட்டி அது உசிரோட இரிக்கிதா, மௌத்தாப் போச்சா எண்டு எனக்கு எப்படித் தெரியும்? என்ர மாடு தப்பு ஒண்டும் செய்யல்லையே!"

"தப்புச் செய்யாத மாட்டுக்கு என்ன பயம், காக்கா?" என்று கேட்டாள் நஜ்முன் நிஸா.

சபை வெடித்துச் சிரித்தது. தவிசாளர் மேசையில் தட்டினார். ஆனால் அவருடைய தோளும் குலுங்கிக்கொண்டிருந்தது.

ஆதம்பாவா மட்டும் சிரிக்கவில்லை. "பகிடியா பண்ணுறீங்க?"

"இல்ல, காக்கா. எங்கட இஹ்ஸானுக்கு நடந்ததை எழுதிட்டு, இஹ்ஸான் எண்ட இடத்தில மாடு எண்டு போட்டனான். வேற ஒண்டும் செய்யல்ல. திருத்தத்தை வாபஸ் வாங்கிறன், பயப்படாதீங்க."

சிரிப்பு நின்றது. ஆதம்பாவா குனிந்து கதிரையைத் தானே நிமிர்த்தி வைத்தார். உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து பற்றுச்சீட்டை எடுத்து ஒருமுறை பார்த்தார்.

"உம்மா எத்தனை நாள் தேடினவ?"

"பதினெட்டு."

"நாட்டுக்குப் பாதுகாப்பு வேணும். அதில நான் மாறமாட்டன்" என்றார் உரத்த குரலில், யாரோ மறுத்துவிட்டது போல. "பிடிக்க வேண்டியவனைப் பிடிக்கட்டும். ஆனா பிடிச்சா சொல்லணும். கொண்டாங்க அந்தக் கடதாசிய."

எட்டுக் கையொப்பம் விழுந்த பிரேரணையை நஜ்முன் நிஸா நீட்டினாள். அவர் பேனையைத் திறந்தார், வாசித்தார், முகத்தைச் சுளித்தார்.

"இதென்ன, இருபத்துநாலு மணித்தியாலம்?"

"கூடிப்போச்சா, காக்கா?"

"கூடாதா பின்ன? என்ர நாம்பனுக்கு ரெண்டு மணித்தியாலத்தில சொன்னதுக்கே நான் இவ்வளவு நேரம் கத்தினனான். மனிசனுக்கு இருபத்துநாலா? வெட்டுங்க. ரெண்டு எண்டு போடுங்க."

"ரெண்டு ஏலாது, மச்சான்" என்றார் தவிசாளர்.

"மாட்டுக்கு ஏலுமெண்டா மனிசனுக்கு ஏன் ஏலாது?"

நஜ்முன் நிஸா இருபத்துநாலை வெட்டி இரண்டு என்று எழுதினாள். ஒன்பதாவது கையொப்பம் விழுந்தது. பிரேரணை வாக்கெடுப்புக்கு வந்தது; பன்னிரண்டு பேர் கை தூக்கினார்கள். எதிர்த்தவர்கள் இருவர். மிச்சப் பேர் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தேநீர் நேரத்தில் வாசலில் இஹ்ஸானின் பாண் ஓட்டோ பாட்டோடு வந்து நின்றது. அவன் வீடு திரும்பிய நாளிலிருந்து ஆதம்பாவா அந்த ஓட்டோவில் ஒரு பணிஸ்கூட வாங்கியதில்லை. இன்றைக்கு நேரே அதனிடம் போனார். அக்காக்காரி நஜ்முன் நிஸாவும் பின்னாலேயே போனாள்.

"சீனிச்சம்பல் பணிஸ் ரெண்டு தா, தம்பி."

"முட்டை வாசமும் இல்ல, குண்டு வாசமும் இல்ல, காக்கா. பயப்படாம சாப்பிடுங்க."

ஆதம்பாவா சிரிக்கப் பார்த்து, முடியாமல், பணிஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "தம்பி, உன்னைப் பிடிச்ச அண்டைக்கு டொக்டர் ஆரும் பார்த்தவரா?"

"பார்த்தவர் காக்கா. நாப்பதாம் நாள். 'நல்லாத்தானே இரிக்கிறாய்' எண்டு கேட்டவர். ஓம் எண்டனான். அவ்வளவுதான்."

"என்ர மாட்டை 9.15க்கு..." என்று தொடங்கியவர், சொல்லி முடிக்கவில்லை. கடிக்காத பணிஸோடு திரும்பிச் சபைக் கட்டடத்தின் படிகளில் ஓட்டமும் நடையுமாக ஏறினார். அவருடைய குரல் மட்டும் வெளியே வந்தது.

"செயலாளர் தம்பி! அந்தக் கடிதத்தை ஒட்டாதீங்க! இன்னும் ஒரு வரி இரிக்கி!"

"என்ன ராத்தா, இவருக்கு என்ன நடந்தது?" என்று கேட்டான் இஹ்ஸான்.

"உள்ள வா, கேட்டுப் பார்ப்பம்" என்று நஜ்முன் நிஸா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "பாட்டை மட்டும் நிப்பாட்டிட்டு வா."