நூற்று நாற்பது பேஸ்டியும் ஒரே எழுத்தும்

1

இது கதையாகத் தொடங்கவில்லை, வாக்குமூலமாகத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை கமிட்டிக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும் என்று எங்கள் சர்ச் சமையலறைத் தலைவி எல்னா என் கையில் ஒரு தாளைத் திணித்தாள். "பார்த்ததை மட்டும் எழுது, ஓன்னி. உன் அபிப்பிராயம் யாருக்கும் வேணாம்" என்றாள். நான் எட்டாவதோடு படிப்பை விட்டு இரும்புச் சுரங்கத்துக்குப் போனவன். எழுத்தை நம்புவதில்லை. அதிலும் என் கையெழுத்தை நம்பவே மாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை சுப்பீரியர் ஏரியின் மேல் பனி மூடிக் கிடந்தபோது —

அடித்துவிட்டேன். ஏரியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

2

சரி, பார்த்தது.

வெள்ளிக்கிழமைதோறும் சர்ச்சின் கீழ்த்தளத்தில் பதினோரு பேர் பேஸ்டி, அதாவது கறி அடைத்துச் சுடும் மாவுப் பண்டம், செய்து விற்கிறோம், சர்ச் கூரையைப் பழுதுபார்க்கும் செலவுக்கு. மாவை வட்டமாகத் தேய்த்து, முக்கால் பங்குக்கு மாட்டிறைச்சி, உருளை, ரூட்டபேகா கிழங்கு. கடைசிக் கால் பங்குக்கு ஆப்பிளும் சர்க்கரையும். கறிச்சாறு ஆப்பிளில் கலக்காமல் நடுவே மாவாலேயே ஒரு தடுப்பு. பாதியாக மடித்து ஓரத்தை முறுக்கினால் முடிந்தது. கிழங்கு சீவுவது நான். எனக்கு எதிரே உட்கார்ந்து எழுத்து வைப்பது சைமா ருவோனா.

ஆப்பிள் முனையில், வாங்குபவர் பெயரின் முதல் எழுத்தை மாவுத் துண்டால் ஒட்டுவாள்.* வெங்காயம் இல்லாதது யாருக்கு, கேரட் போட்டது யாருக்கு என்பதெல்லாம் அந்த எழுத்தை வைத்துத்தான் தெரியும். அடுப்பிலிருந்து வந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே முகம்.

அந்த வெள்ளிக்கிழமை நூற்று நாற்பது பேஸ்டியிலும் 'வி' இருந்தது. வி-யில் தொடங்கும் பெயர் எங்கள் பட்டியலில் ஒன்றுகூட இல்லை. சைமாவின் கணவன் பெயர் வில்ஹோ. அவன் சுரங்கத்தில் செத்து முப்பத்தாறு வருஷம் ஆகிறது.

(* சுரங்க வழக்கம். பாதி தின்றுவிட்டு மீதியைப் பாறை இடுக்கில் வைத்துப் போவோம். கறி முனையில் ஆரம்பிக்க வேண்டும், எழுத்து கடைசிவரை நிற்க வேண்டும். எழுத்தைத் தின்றவன் அடுத்தவன் மீதியையும் தின்பான். அப்படி இரண்டு பேரை எனக்குத் தெரியும்.)

3

சனிக்கிழமை விநியோகம். முதல் சண்டை வெஸ் ஹோஸ்கிங்கோடு. இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து பேஸ்டியோடு வந்த குடும்பம் அவனுடையது.

"இதுல கேரட் இருக்கு" என்றான், பிணத்தைக் கண்டவன் போல.

"தின்னா செத்துடுவியா?"

"கேரட் போடுறவன் ஃபின்லாந்துக்காரன். அவன் எவனோ தின்ன வேண்டியது. எங்க தாத்தா இதுக்கா கப்பல் ஏறி வந்தாரு?"

"இல்ல. அங்க திங்க ஒண்ணுமில்லாம ஏறி வந்தாரு."

வெங்காயம் ஒத்துக்கொள்ளாத தபால்காரர் இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்போடு போயிருக்கும். ஆனால் சைமாவின் மகள் கார்லா கிரீன் பே நகரத்திலிருந்து வந்து நின்றாள்.

"நாம பேசி வச்சதுதானேம்மா. சமையலறையில தடுமாறினா என்னோட வந்துடணும்னு."

"பேசினது நீ" என்றாள் சைமா. "நான் தலையாட்டினேன். குளிருக்கும் தலை ஆடும்."

அது தடுமாற்றமா இல்லையா என்று சர்ச் கமிட்டி சொல்லட்டும் என்று இருவருக்கும் பொதுவாக முடிவானது. தடுமாற்றம் என்றால் வீட்டைப் பூட்டிச் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். எதிரே உட்கார்ந்திருந்த சாட்சி நான் ஒருவன்.

4

எல்னாவிடம் கொடுத்த முதல் பிரதியில் இப்படி ஒரு வரி இருக்கிறது: "அடுப்பிலிருந்து எடுத்த பிறகே கவனித்தேன்."

பொய். மூன்றாவது தட்டிலேயே பார்த்துவிட்டேன். "என்ன சைமா, எல்லாத்துக்கும் ஒரே எழுத்தா?" என்று கேட்கவும் செய்தேன். அவள் கை நிற்கவில்லை. "வேற யாருக்குப் பண்றோம்?" என்றாள். நான் கிழங்கைச் சீவினேன், ஏனென்றால் அவள் முகம் —

[இந்த வரியை நாலு தடவை எழுதினேன். வரவில்லை. விடுங்கள்.]

சிக்கல் இதுதான். அது புத்தி தவறியவள் பேச்சாகவும் இருக்கலாம், தெரிந்தே செய்தவள் பேச்சாகவும் இருக்கலாம். கதை எழுதுகிறவர்கள் பாத்திரத்தின் மனசுக்குள் இறங்கிப் பார்ப்பார்களாம். நான் பூமிக்குள் அரை மைல் இறங்கியிருக்கிறேன். சைமாவுக்குள் இறங்க ஏணி கிடையாது.

அதனால் நேற்று நேராகப் போய்க் கேட்டேன்.

"அன்னிக்குத் தெரிஞ்சுதான் பண்ணினியா?"

"எந்தப் பதில் சொன்னா நான் இந்த வீட்டுல இருக்கலாம்?"

"தெரிஞ்சு பண்ணினேன்னா."

"அப்ப அதான்."

"நெசமாவா?"

"நீ என்ன பாதிரியாரா? காபி ஆறுது, குடி."

5

முடிவுகள்.

ஒன்று: எல்லாவற்றையும் வாசிக்கிறேன், அவள் சொன்னது உட்பட. கார்லா அவளைக் கூட்டிக்கொண்டு போகிறாள். கமிட்டி என் நேர்மையைப் பாராட்டும். அந்தப் பாராட்டை நான் எங்கே வைப்பேன்?

இரண்டு: "நான்தான் விளையாட்டுக்கு வி போடச் சொன்னேன்" என்கிறேன். உடனே நம்புவார்கள், என் பேர் அப்படி. என்னைச் சமையலறையை விட்டு விரட்டுவார்கள், கவலையில்லை. ஆனால் அவள் நிஜமாகவே தடுமாறுகிறாள் என்றால்? தனி வீட்டில், எரிகிற அடுப்பை மறந்துவிட்டு அவள் தோட்டத்துக்குப் போனால், தீ வைத்தது என் பொய்.

மூன்று: கூட்டத்துக்குப் போகாமல் —

இல்லை. நான் கோழை இல்லை. போவேன்.

நாளை செவ்வாய். தாளில், அவள் தெரிந்து செய்தாளா தடுமாறினாளா என்று சொல்ல வேண்டிய கடைசி வரியை வெற்றாக விட்டிருக்கிறேன். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், அதை நீங்களே எழுதுங்கள். உங்களை எனக்குத் தெரியாது, நம்பவும் இல்லை. தூரத்தில் இருப்பவர்களுக்கு நியாயம் சுலபமாக வரும். ஆகவே ஒரு நிபந்தனை. வரிக்குக் கீழே உங்கள் பெயரை முழுசாக எழுதுங்கள். சைமா முன்வரிசையில் உட்காருவாள், அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். உங்கள் வரியை வாசித்துவிட்டு, எழுதியது இன்னார் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன்.