சேவ் பண்ணவா என்று கேட்காத ஷீட்

எங்கள் பள்ளிக்கூட ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. அதை உண்டாக்கிய புண்ணியவதி நான்தான். கம்ப்யூட்டரில் எந்த எக்ஸெல் ஃபைலையும் யாரும் திறக்கலாம், இஷ்டத்துக்கு நோண்டலாம். ஆனால் மூடும்போது, சேவ் பண்ணவா என்று அது கேட்டால் வேண்டாம் என்று அமுக்கிவிட வேண்டும். ஃபைல் பழையபடியே இருக்கும். கம்ப்யூட்டரைக் கண்டாலே கையை இழுத்துக்கொள்ளும் டீச்சர்களுக்கு வேறு எப்படித் தைரியம் சொல்வது? "சும்மா நோண்டுங்க டீச்சர். கடைசியில வேண்டாம்னு குடுத்துருங்க, முடிஞ்சது சோலி" என்று பதினாறு வருஷமாகச் சொல்லிக்கொடுத்தேன்.

பள்ளத்தூர்ப் பக்கம் எங்கள் மேனிலைப்பள்ளி. அங்கே நான் தொகுப்பூதியத்தில் கிளார்க். பழைய கிளார்க் ஓய்வு பெற்றதால், வருகிற ஜூனில் அந்த இளநிலை உதவியாளர் இடத்தில் என்னை நிரந்தரமாகப் போடுவதாக ஹெச்.எம். சேவுகப்பெருமாள் சார் சொல்லியிருந்தார். பள்ளிக் கமிட்டிக்கு எழுதி என் கண் முன்னாலேயே கையெழுத்தும் போட்டார். என் வீட்டுக்காரர் தச்சு வேலை பார்த்தவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து இரண்டு வருஷமாக வீட்டோடு கிடக்கிறார். எனக்கு நாற்பத்தி நாலு வயது. இந்த வேலை போனால் இன்னொன்று கிடைக்காது என்று எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

போன ஜூலையில் கம்ப்யூட்டர் சார் ஸ்ரீதர் ஒரு யோசனையோடு வந்தார். இனிமேல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஃபைலே வேண்டாமாம். எல்லாம் இன்டர்நெட்டில். "ஒரே ஷீட்டு சார். எல்லாரும் ஒரே நேரத்துல பாக்கலாம், எங்க இருந்தாலும் வேலை பாக்கலாம்" என்றார். ஹெச்.எம். தலையை ஆட்டினார். ஆளுக்கு ஒரு அக்கவுண்ட் தொடங்கச் சொன்னார்கள். ஒரு வாரம் அந்தக் கூத்து நடந்தது. ஒரு டீச்சருக்குப் பாஸ்வேர்டு மறந்து போச்சு. இன்னொருவர் போன் நம்பரைக் கொடுக்கவே மாட்டேன் என்றார். கடைசியில் ஹெச்.எம். கடுப்பாகி, "எதுக்கு இந்த ரோதனை? ஈஸ்வரி பேர்லயே எல்லாரும் போங்க" என்று முடித்துவிட்டார். என் நம்பர், என் அக்கவுண்ட். பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி நானே சுவரில் ஒட்டினேன். எல்லாரும் என் பேரில்தான் உள்ளே போகிறார்கள் என்று பெருமை வேறு பட்டேன், கூறுகெட்டவள்.

டிசம்பரில் ப்ளஸ் டூ பிள்ளைகளின் பட்டியலைத் தேர்வுத் துறைக்கு ஏற்ற வேண்டும். பேர், பிறந்த தேதி, பாடம். வழக்கமாகப் பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவேன். இந்த வருஷமும் வாங்கலாம் என்றேன்.

"அக்கா, இன்னும் எந்தக் காலத்துல இருக்கீக? வாட்ஸப்ல லிங்கை அனுப்புனாப் போதும்" என்றார் ஸ்ரீதர்.

அனுப்பினோம். பதிலுக்கு நூற்றிப் பன்னிரண்டு கட்டைவிரல் படம் வந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. வீட்டுக்காரரைக் காரைக்குடி ஆஸ்பத்திரியில் காட்ட அரைநாள் லீவு போட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் வந்து பட்டியலை அப்படியே ஏற்றினேன். பேருக்கு எதிரே இருந்த தேதிகள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வரிசையாக ஏறிக்கொண்டே போனதை என் கண் பார்த்திருக்கும். மனசு பார்க்கவில்லை. நூற்றிப் பன்னிரண்டு பேர் சரி என்றது தானே என்ற மிதப்பு. அது என் தப்பு, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

பிப்ரவரியில் ஹால் டிக்கெட் வந்தது. முதலில் வந்தவர் சௌபர்ணிகாவின் அப்பா அய்யப்பன். "ஏம்மா, எம்புள்ள என்னைக்குப் பொறந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்று மேசையில் அடித்தார். மதியத்துக்குள் கேட்டில் கூட்டம். ஒரு பிள்ளைக்குக்கூடத் தன் தேதி இல்லை, எல்லாம் அடுத்தவர் தேதி. திருத்தம் செய்யும் நாளும் முடிந்திருந்தது. இனி ஒவ்வொரு பிள்ளையும் பிறப்புச் சான்றிதழோடு பரீட்சை நேரத்தில் மதுரையில் இருக்கும் தேர்வுத் துறை ஆபீஸுக்கு அலைய வேண்டும்.

ஸ்ரீதர் ஷீட்டில் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்ற விவரத்தைத் திறந்தார். ஹெச்.எம். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"வியாழக்கிழமை மூணு பன்னெண்டு. பிறந்த தேதியை மட்டும் வரிசை மாத்தியிருக்கு. மாத்துனது ஈஸ்வரி. என்னம்மா இது?"

"சார், எல்லாரும் என் பேர்லதானே போறாக? அன்னைக்கு மதியம் நான் இங்க இல்லவே இல்ல. ரிஜிஸ்தரைப் பாருங்க. ஆஸ்பத்திரியில டோக்கன் போட்டு உக்காந்திருந்தேன்."

அப்பாடா, தப்பித்தேன் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஹெச்.எம். ஸ்ரீதரைப் பார்த்தார். ஸ்ரீதர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"போன்லயும் மாத்தலாம் சார். எங்க இருந்தாலும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே அவர் சட்டையைப் பிடித்திருப்பேன்.

அன்று சாயங்காலம் மீனாள் டீச்சர் என்னை லேப் பின்பக்கம் இழுத்துப்போய் அழுதார். பதினாறு வருஷமாக என்னோடு சோறு தின்கிறவர்.

"வாக்காளர் முகாமுக்குப் பதினெட்டு வயசு ஆகுறவுக யார் யாருன்னு கேட்டாக ஈஸ்வரி. எண்ணிப் பாக்கத்தான் தேதியை வரிசையாக்குனேன். மூடும்போது அது கேக்கவே இல்ல. கேட்டிருந்தா வேண்டாம்னுதான் குடுத்திருப்பேன்."

"ஏன் டீச்சர் அப்பவே சொல்லல?"

"கேக்கலைன்னா ஒண்ணும் மாறலைன்னுல்ல நெனச்சேன்."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தானே. இந்தப் புது ஷீட் யாரையும் கேட்காமல் தானாகவே சேவ் பண்ணிக்கொள்கிறது என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. "வாங்க, சார்ட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. என் பொழப்பு போயிரும்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காலையில சொல்றேன்" என்றார்.

காலையில் ஹெச்.எம். எல்லாரையும் கூப்பிட்டார். நான் மீனாள் டீச்சர் பேரைச் சொன்னேன்.

"நானா? எனக்கு அந்த ஷீட்டைத் திறக்கவே தெரியாதே சார்" என்றார் அவர்.

எல்லாரும் நம்பினார்கள், அல்லது நம்பியது மாதிரி நின்றார்கள். தினமும் என் பேரில் உள்ளே போய் வந்த பதினோரு பேரில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், நீ என்ன மாற்றினாய் என்று அடுத்த கேள்வி வரும். கமிட்டி பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. திங்கட்கிழமை என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஜூனுக்கு எழுதிய காகிதம் என்ன ஆனது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

மார்ச்சில் ஒரு மத்தியானம் ஸ்ரீதர் போன் செய்தார்.

"அக்கா, நல்லா இருக்கீகளா?"

"அதை விடுங்க தம்பி. என்ன வேணும்?"

"ஆபீஸ்ல புதுக் கம்ப்யூட்டர் வந்திருக்கு. ஷீட்டுக்குள்ள போகணும்னா உங்க போனுக்கு வர்ற நம்பரைக் கேக்குது. மாத்துறதுக்கு முன்னாடி இருந்த சரியான தேதியெல்லாம் அதோட பழைய விவரத்துலதானே இருக்கு? இன்னைக்கே மதுரைக்கு அனுப்பணும்க்கா."

என்னை வெளியே தள்ளியவர்களுக்கு என் பேர் மட்டும் இன்னும் தேவைப்பட்டது. வெட்கமே இல்லையா, போனை வைடா என்று நாக்கு நுனி வரை வந்தது. சௌபர்ணிகா ஞாபகம் வந்து தொலைத்தது. போனுக்கு வந்த ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகப் படித்தேன்.

"ரொம்ப நன்றிக்கா."

வைத்துவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். என் போனில் ஷீட்டைத் திறந்தேன். பிள்ளைகளின் தேதிப் பட்டியலில் யாரும் வேலை செய்யவில்லை. பக்கத்தில் இருந்த பணியாளர் பட்டியலில்தான் ஒரு கட்டம் மினுங்கியது. இளநிலை உதவியாளர் என்பதற்கு எதிரே என் பேர் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது காணாமல் போனது. கொஞ்ச நேரம் காலியாகக் கிடந்து, அங்கே ராஜப்ரியா என்று நான் கேள்விப்படாத ஒரு பேர் விழுந்தது.

"யாரு போன்ல?" என்று உள்ளேயிருந்து வீட்டுக்காரர் கேட்டார்.

யார் மாற்றியது என்ற விவரத்தைத் தொட்டுப் பார்த்தேன். மதியம் இரண்டு நாற்பதுக்கு ஈஸ்வரியின் பேரை நீக்கியது ஈஸ்வரி என்று இருந்தது.