இரண்டு நீலச் செட்டுகள்

வணக்கம். எல்லாரும் சௌக்கியமா? வெயிலுக்கு யாருக்கும் மேலுக்கு முடியாமல் இல்லையே? கொஞ்ச நேரம் ஃபேனுக்கு அடியில் உட்காருங்கள், கடலாடிப் பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன்.

ஹமீது சுல்தான் கையளவு கேம் செட் ஒன்றைப் பூங்கோதையின் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். கடலாடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் அந்த செல்போன் சர்வீஸ் கடைக்கு அவர் முதலாளி. பூங்கோதை அங்கே ஏழு வருஷமாகத் திருப்புளி பிடிக்கிறாள்.

"இந்தாத்தா, நீ கேட்ட சாமான். வாலிநோக்கத்துக்காரரு ஒருத்தரு சவூதியில இருந்து கொண்டாந்தது. போர்டு செத்துப்போச்சு. இத வச்சு என்ன பண்ணப் போற?"

"சும்மா பாக்குறதுக்குத்தான் பாய்."

அவர் நகர்ந்ததும் தன் பையிலிருந்து இன்னொரு செட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். ஒரே கம்பெனி, ஒரே நீலம், இரண்டும் மடக்கிற ரகம். பையிலிருந்து வந்தது முதல் மாடல், தம்பி காளிராஜுடையது. மேஜைக்கு வந்தது கம்பெனிக்காரன் மாற்றிச் செய்த இரண்டாவது மாடல். ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்த காளிராஜ் மாசி மாதம் சாயல்குடி ரோட்டில் பைக்கோடு விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டான். பைக் பெட்டிக்குள் இருந்த செட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அக்காவுக்கும் தம்பிக்கும் சொத்துச் சண்டை வந்ததில்லை, செட்டுச் சண்டைதான். அவன் மடக்குச் செட்டுக் கட்சி. இவள் எதிர்க் கம்பெனியின் நீளப் பட்டைச் செட்டுக் கட்சி. எந்தக் கம்பெனி எதை மாற்றினாலும் ஷார்ஜாவிலிருந்து அவனுடைய வாய்ஸ் மெசேஜ் வந்துவிடும். "ஏக்கா, ஒன் ஆளு கார்டு சொருகுற ஓட்டையவே எடுத்துட்டானாமே? இனி எங்கன சொருகுவ, கொண்டையிலயா?" இவளும் விடமாட்டாள். "ஏலே, ஒன் ஆளு மூடிய தொறந்தா டக்குனு ஒரு சத்தம் வருமே, அதையும் புடுங்கிட்டான். இனி அது செட்டு இல்ல, மையி டப்பா." அந்தச் சத்தம் அவனுக்கு அவ்வளவு பிடிக்கும்.

அந்தச் சத்தத்தில்தான் இப்போது வினை. செட்டுக்குள் அவன் ஐந்து வருஷமாக வளர்த்த ஒரு விளையாட்டு ஊர் இருந்தது. வீடு, தோட்டம், அக்கம்பக்கத்து ஆட்கள் எல்லாம் உண்டு. கடை விட்டதும் பூங்கோதை பின்வாசல் வழியாக அவன் அறைக்குள் போய், பத்து நிமிஷம் அந்தத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வருவாள். விடாவிட்டால் காய்ந்துபோகுமே என்பதைத் தவிர அவளிடம் வேறு காரணம் இல்லை. அடுப்படியில் நின்ற அம்மா நாகஜோதியின் காதில் அது விழுந்திருக்கிறது.

"ஆறு மணியானா அவன் ரூம்ல டக்குங்குதுடி. அவன் மூடிய தொறக்குற சத்தம். ஒனக்குக் கேக்கலையா?"

"இல்லையேம்மா."

அன்றே சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா செட்டைப் பூட்டி வைத்துவிடுவாள் என்று பூங்கோதை வாயை மூடிக்கொண்டாள். அம்மாவோ சோறு இறங்காமல் பாதியானாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போவது, அவன் கட்டியிருந்த வேட்டியைக் கடலில் விடும்போது செட்டையும் சேர்த்து விட்டுவிடுவது. "அதுலதான் அவன் உசுரு கெடந்து தவிக்குது. போகட்டும்த்தா, பாவம்."

தம்பியுடையதற்குப் பதிலாகக் கடலில் விடத்தான் இந்த இரண்டாவது செட்டு. பூங்கோதை இரண்டையும் தராசில் வைத்தாள். புதியது முப்பது கிராம் குறைவு. திரை வெளிச்சம் கூடுதல், விளிம்பு மெலிசு, பேட்டரி மூடிக்கு மூன்று கால் திருகாணி. தன் பட்டைச் செட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். பழக்கம் விடவில்லை. 'பட்டனப் பாருக்கா, அழுத்துனா எந்திரிக்கவே மாட்டேங்குது' என்று தம்பியின் குரல் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. திரும்பிப் பார்த்தாள். ஹமீது சுல்தான் முன்னால் டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கொண்டிருந்தார். 'ஒன் பழசு மட்டும் எந்திரிக்குதாக்கும்' என்று மனசுக்குள் பதில் சொன்ன பிறகுதான் பட்டைச் செட்டைச் சட்டென்று பைக்குள் போட்டாள்.

தம்பி விரல் பட்டுத் தேய்ந்தது போலவே, புதியதின் இடது பட்டனை உப்புத்தாளில் தேய்த்து மழுக்கினாள். அவன் மூடியில் ஊசியால் கீறியிருந்த 'கா'வை, அதே சாய்வில், அதே சுழியில் தானும் கீறினாள். கீறி முடித்துப் பார்த்தால் அது அவன் கையெழுத்தாகவே இருந்தது. செத்த செட்டைத் திறந்தால் முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும் என்பது கடைப் பழக்கம், கழற்றினாள். யாரும் திறந்து பார்த்துவிடக்கூடாது என்று டிஸ்ப்ளே ஒட்டும் பசையை விளிம்பு முழுக்க இழுத்து ஒட்டினாள். தம்பியின் செட்டை மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினாள். கிராம் கணக்குப் பார்த்தவளுக்குக் கடல்தண்ணீர் ஞாபகமே வரவில்லை.

அக்னி தீர்த்தத்தில் அன்று ஒரே கூட்டம். கடல் குளம்போலக் கிடந்தது. அவளைப் பெற்ற அய்யா முத்துகிருஷ்ணன் மூன்று முழுக்குப் போட்டு, வேட்டியில் சுற்றிய செட்டை இடுப்பளவுத் தண்ணீரில் விட்டார். வேட்டி விரிந்து மெல்ல அமிழ்ந்தது. நீலம் மட்டும் மேலே வந்தது.

காற்றுப்புகாமல் ஒட்டிய பெட்டி, உள்ளே கனமும் இல்லை. அது அலையோடு அசைந்து அசைந்து நாகஜோதியின் முழங்காலில் வந்து முட்டியது. அய்யா எடுத்து இன்னும் தள்ளி வீசினார். மறுபடியும் வந்தது. மூன்றாம் தடவை அவர் கை நீட்டுவதற்குள் நாகஜோதி குனிந்து அள்ளிக்கொண்டாள்.

"வீசாதீக! எம்புள்ள போகமாட்டேங்குறான். பாத்தீகள்ல? அவனுக்கு நம்மள விட்டுப் போக மனசில்ல!"

பக்கத்தில் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் கும்பிட்டார்கள். அய்யா தண்ணீருக்குள் நின்றபடியே விம்மினார். அவர் அழுது பூங்கோதை பார்த்தது அதுதான் முதல் தடவை. 'அம்மா, அது அவன் செட்டு இல்ல' என்று சொல்ல அம்மாவின் தோளைத் தொட்டவள், அவள் முந்தானையைப் பிழிந்துவிட்டுக் கரைக்குக் கூட்டிவந்தாள். பஸ்ஸில் பாம்பன் பாலம் தாண்டும்போதும் சொல்லப் பார்த்தாள். அம்மா செட்டை மடியில் வைத்து முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலையில் நாகஜோதி கடைக்கே வந்துவிட்டாள். துண்டில் சுற்றிய செட்டைக் கண்ணாடிப் பலகை மேல் வைத்தாள்.

"தொறக்க முடியலத்தா. ஊருக்கே செஞ்சு குடுக்குறவதான நீ? இத எரிய வச்சுக் குடு. ஒருக்கா பாத்துக்கிர்றேன்."

"தண்ணி போனது எரியாதும்மா."

"எரியும். அவன் வந்தான்ல, எரியும்."

ராத்திரி முழுக்க அவள் தூங்கியிருக்கவில்லை. ஆனால் மாசிக்குப் பிறகு முதல்முறையாகத் தலைக்குப் பூ வைத்திருந்தாள். அந்தப் பூவைப் பார்த்ததும் பூங்கோதைக்கு உண்மையைச் சொல்லும் தெம்பு போய்விட்டது. செட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, டிராயரில் இருந்த தம்பியின் செட்டையும் எடுத்து வைத்தாள். ஹமீது சுல்தான் எட்டிப் பார்த்தார், மேஜை மேல் இரண்டு நீலத்தையும் பார்த்தார். "உக்காருங்கம்மா, டீ சொல்றேன்" என்று முன்னால் போய்விட்டார்.

பசை போட்ட செட்டு டிராயருக்குள் போனது. தம்பியின் செட்டைத் துண்டில் வைத்து அம்மாவின் கையில் கொடுத்தாள். இனி அது தன் கைக்கு வராது என்பது அவளுக்குத் தெரியும்.

நாகஜோதி மூடியைத் திறந்தாள். டிராயரில் கிடந்த பதினோரு நாளுக்குப் பிறகு அந்த விளையாட்டு ஊர் விழித்துக்கொண்டது. அவன் வீட்டு வாசலில் தொப்பி போட்ட பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் ஓடிவந்து நின்று கையை ஆட்டினார். அவர் காலடியில் இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றாக விழுந்தது. காளி, பதினோரு நாளாக ஆளையே காணோமே, எங்கே போயிருந்தாய்?

"என்னமோ சொல்றானே அந்தாளு. அவன் பேராத்தா அது? எனக்கு எழுத்துத் தெரியல, நீ வாசிச்சுச் சொல்லு."

அம்மாவின் கட்டைவிரல் பட்டனில் மழுங்கிய பள்ளத்துக்குள் பொருந்தி உட்கார்ந்திருந்தது. திரை வெளிச்சம் அவள் மூக்குத்தியில் நீலமாக விழுந்தது. கேள்விக்குக் கீழே பதில் போடச் சொல்லி ஒரு சின்ன அம்புக்குறி விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. உள்ளபடி வாசித்தால், பதினோரு நாளைக்கு முன்புவரை மூடியைத் திறந்தது யார் என்று அம்மா கேட்பாள். பூங்கோதை வாசிக்கக் குனிந்தாள்.

இப்படிப் போனவர்கள் பேரைச் சொல்லி ஏதாவது ஒன்று உங்கள் வீட்டிலும் கேட்டிருக்குமே? யார் வாசித்தீர்கள், என்னவென்று வாசித்தீர்கள்? கீழே எழுதுங்கள், ஒன்று விடாமல் படிக்கிறேன்.